வெளியே உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் அமானிதமே

 



சென்ற வாரம் அஸருக்குப் பின் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். அவருடைய மகனுக்கு 11 வயது. மஹல்லா சிறுவர் கால்பந்து அணியில் இருக்கிறான். ஃபஜ்ர் தொழுதுவிட்டு நேரே பயிற்சிக்கு ஓடுகிற பிள்ளை. மூன்று போட்டிகள் முடிந்தும் ஒரு நிமிடம்கூட அவனை இறக்கவில்லை. "ஜெர்சி அழுக்காகாமலே வீட்டுக்கு வருது ஹஜ்ரத். 'இனிமே நான் போகல அத்தா'ன்னு சொல்றான்" என்றார்.

பயிற்சி கொடுக்கும் வாலிபரிடம் கேட்டேன். "ஜெயிக்க வேண்டாமா ஹஜ்ரத்?" என்றார். அவர் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. நன்றாக ஆடும் பிள்ளையின் உழைப்புக்கும் ஒரு ஹக் உண்டு.

அப்படியானால் நீதி எது? நபி (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு ஹஃப்யாவிலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஐந்தாறு மைல் தூரம். பயிற்சி பெறாதவற்றுக்கு அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல்தான். இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் இருக்கிறது. அவர்களும் அந்தப் பந்தயத்தில் ஓட்டியவர்கள். சிந்தியுங்கள்! இரு வகைக் குதிரைகளையும் ஒரே தூரத்தில் ஓடவிடவில்லை; பலவீனமானதை ஓரமாகக் கட்டிப்போடவும் இல்லை. திறமைக்கேற்ற தூரம், ஆனால் எல்லாவற்றுக்கும் ஓட்டம்.

அணி நடத்தும் வாலிபர்களே, கணக்குப் போட்டுப் பாருங்கள். ஏழு பேர் ஆடும் 40 நிமிட ஆட்டத்தில் மொத்தம் 280 நிமிடங்கள் உங்கள் கையில் இருக்கின்றன. பத்துப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 20 நிமிடம் உறுதியாகக் கொடுத்தாலும் 80 நிமிடம் மிச்சம். அதைத் திறமைக்கும் உழைப்புக்கும் ஏற்பப் பிரித்துக் கொடுங்கள். பயிற்சியின்போது தரம் பார்த்துக் குழு பிரியுங்கள். யாருக்கு எவ்வளவு நேரம் என்பதை ஆட்டத்துக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாமல் காத்திருப்பதுதான் பிஞ்சு மனதை உடைக்கிறது.

பெற்றோர்களே, உங்கள் மகன் கெட்டிக்காரனாக இருந்தால், அடுத்த பிள்ளை இறங்கும்போது முகம் சுளிக்காதீர்கள். அம்பெய்து போட்டியிட்ட இரு தரப்பாரில் ஒரு தரப்புடன் தாம் இருப்பதாக நபி (ஸல்) சொன்னதும் மறுதரப்பார் கையை நிறுத்திவிட்டார்கள். உடனே தாம் எல்லோருடனும் இருப்பதாகச் சொல்லி அவர்களைத் தொடர்ந்து எய்ய வைத்தார்கள்.

இதைச் சொல்லும் நானும் தவறியவன்தான். மக்தப் ஆண்டுவிழாவில் வருடா வருடம் குரல் வளமுள்ள ஒரே மாணவனைத்தான் கிராஅத் ஓத அழைத்தேன். மற்ற பிள்ளைகளின் முகத்தை நான் பார்க்கவில்லை. இன்ஷா அல்லாஹ், இந்த வருடம் ஆளுக்கு மூன்று ஆயத்தாவது எல்லோரும் ஓதுவார்கள்.

கோப்பை அலமாரியில் தூசி படியும். ஒதுக்கப்பட்ட பிள்ளையோ அதை வயதான பிறகும் மறக்க மாட்டான். நம் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு பிள்ளையிடமும் நீதமாக நடக்கும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.