நல்லெண்ணமும் நல்லெண்ணெயும்

போன வாரம் எதிர் ஃபிளாட் பெண் கையில் ஒரு பேப்பரோடு வந்து நின்றாள். இன்ஜினீயரிங் இரண்டாம் வருஷம். கல்விக் கடனுக்கு வங்கியில் போனஃபைட் சர்டிபிகேட் கேட்கிறார்களாம். கல்லூரி முதல்வருக்கு லெட்டர் எழுதியிருந்தாள்.

"அங்கிள், இங்கிலீஷ் கரெக்டா இருக்கானு மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

'கைண்ட்லி இஷ்யூ மீ எ போனஃபைட்' என்று முடித்திருந்தாள்.

"எனக்கு ஒரு நல்ல கொடுங்கன்னு கடையில போய்க் கேட்பியாம்மா?"

"நல்ல என்ன அங்கிள்?"

"அதைத்தான் உன் முதல்வரும் கேட்பார். போனஃபைட் என்பது அட்ஜெக்டிவ். பின்னால ஒரு பெயர்ச்சொல் இல்லாம அது தனியா நிற்காது."

போனஃபைட் ஸ்டூடண்ட், போனஃபைட் மிஸ்டேக், போனஃபைட் சர்டிபிகேட்... இப்படித்தான் எழுத வேண்டும். கடைசியில் ஒரு 'ஸ்' சேர்த்து 'போனா ஃபைட்ஸ்' என்று எழுதினால், அது பன்மை என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அது பெயர்ச்சொல். ஒருவருடைய நேர்மை, நல்லெண்ணம் என்று அர்த்தம். அதனால் 'போனஃபைட்ஸ் ஸ்டூடண்ட்' என்று எழுதுவது தப்பு.

லத்தீனில் இதற்கு நேர்ப்பொருள் 'நல்ல நம்பிக்கையோடு'. அதிலிருந்து ஆங்கிலத்தில் இரண்டு அர்த்தங்கள் வந்தன. ஒன்று, கள்ளமில்லாமல் செய்தது. இன்னொன்று, அசலானது.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட பெண் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள்: "அப்போ, நல்ல எண்ணத்தோட செஞ்சா எல்லாமே போனஃபைடா அங்கிள்?"

'ஆமாம்' என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. காரணம், ஒரு அண்ணாச்சி.

இருபது வருஷத்துக்கு முன்னால் நான் புது நிருபர். எங்கள் ஏரியாவில் ஒரு மளிகைக் கடையில் நல்லெண்ணெயில் கலப்படம் பிடிபட்டதாகத் தகவல் வந்தது. சொன்னவர் நம்பகமான ஆள். கடைப் பெயர், தெருப் பெயரோடு நாலு வரி எழுதினேன். அச்சாகிவிட்டது. அதே பெயரில் இரண்டு தெரு தள்ளி இன்னொரு கடை இருந்ததும், மாட்டியது அந்தக் கடைதான் என்பதும் மறுநாள்தான் தெரிந்தது.

'வருந்துகிறோம்' என்று உள்பக்கத்தில் சின்னதாகப் போட்டோம். ஆனால், முதலில் வந்த செய்தியைப் படித்தவர்கள் எத்தனை பேர் இதைப் படித்திருப்பார்கள்? ஒரு மாதம் அந்தக் கடையில் எண்ணெய் டின்கள் அசையவே இல்லை.

நேரில் போனேன். "தப்பா நினைக்காதீங்க அண்ணாச்சி. உங்க மேல எனக்கு என்ன விரோதம்? நல்ல எண்ணத்தோடதான் எழுதினேன். நாலு பேர் கலப்பட எண்ணெயை வாங்கிடக் கூடாதேன்னுதான்..."

அண்ணாச்சி கோபப்படவில்லை. "அது சரி சார். எழுதுறதுக்கு முந்தி ஒரு எட்டு வந்து கேட்டிருக்கலாம்லா?"

என் நல்லெண்ணத்தை அவர் சந்தேகப்படவே இல்லை. அது அவருக்கு எதற்கும் உதவவில்லை என்பதைத்தான் சொன்னார்.

பி.காம். படித்தபோது 'குட் ஃபெய்த்' என்பது எனக்குப் பரீட்சைக் கேள்வி. அண்ணாச்சி கடையிலிருந்து திரும்பிய பிறகுதான் சட்டப் புத்தகத்தை ஒழுங்காகப் புரட்டினேன். அங்கே ஒரு வேடிக்கை. நம் நாட்டுச் சட்டங்களுக்கே இதில் ஒரே கருத்து கிடையாது!

1897-ம் ஆண்டின் ஜெனரல் கிளாஸஸ் ஆக்ட் தாராள மனசுக்காரர். ஒரு காரியத்தை நேர்மையாகச் செய்திருந்தால் போதும், அதில் கவனக்குறைவு இருந்தாலும் அது நல்லெண்ணத்தில் செய்ததுதான் என்கிறது. 1860-ம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் கறார் பேர்வழி. உரிய அக்கறையும் கவனமும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தோடு செய்ததாகச் சொல்ல முடியாது என்றது அதன் 52-வது பிரிவு. 2024 ஜூலை 1-ம் தேதி பாரதிய நியாய சன்ஹிதா அந்தச் சட்டத்தின் இடத்துக்கு வந்தபோதும், இந்த விளக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டது. அவதூறு வழக்கில் 'நல்லெண்ணத்தோடு எழுதினேன்' என்று தப்பிக்கப் பார்க்கும் பத்திரிகைக்காரன், இந்தக் கறார் விளக்கத்துக்குத்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

ஏன் இந்த வித்தியாசம்? எனக்குப் புரிந்தவரை, முதல் சட்டம் செய்தவனின் மனசைப் பார்க்கிறது. இரண்டாவது, அடிபட்டவன் பக்கத்தில் நின்று, 'உன் மனசு சுத்தம், சரி. கையைக் காலை அசைத்து விசாரித்தாயா?' என்று கேட்கிறது.

இரண்டுமே தேவைதான் என்று தோன்றுகிறது. எதை யாருக்குப் பயன்படுத்துகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நாம் தப்பு செய்தால் 1897-ஐ எடுக்கிறோம். 'வேணும்னா செஞ்சேன்?' என்கிறோம். அடுத்தவர் செய்தால் உடனே 1860. 'கொஞ்சம் யோசிச்சிருக்க வேணாமா?' என்கிறோம். மாற்றிப் போட்டுப் பார்த்தால் எப்படி? அடுத்தவரின் மனசை நம்புவோம். நம்மை மட்டும் 'விசாரித்தாயா?' என்று கேட்போம்.

எதிர் ஃபிளாட் பெண்ணிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "உன் சர்டிபிகேட்டையே எடுத்துக்கோ. முதல்வர் நல்லவர்ங்கிறதால மட்டும் அது செல்லாது. ரிஜிஸ்டரில் உன் பேர் இருக்கானு பார்த்துட்டுக் கையெழுத்துப் போட்டாத்தான் அதுக்கு மதிப்பு" என்றேன். தலையாட்டிவிட்டு, 'போனஃபைட்'டுக்குப் பக்கத்தில் 'சர்டிபிகேட்' என்று எழுதிக்கொண்டு போனாள்.

அண்ணாச்சி கடையில்தான் இன்றும் எங்கள் வீட்டுக்கு மளிகை. பழைய கதையை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. ஆனால், ஒவ்வொரு முறையும் மீதிச் சில்லறை தரும்போது, "எண்ணிப் பாத்துக்கிடுங்க சார்" என்பார்.

"உங்க மேல நம்பிக்கை இருக்கு அண்ணாச்சி."

"அது இருக்கட்டும். எண்ணிக்கிடுங்க."

எண்ணிவிட்டுத்தான் வருகிறேன்.