இணைகோடுகளும் மூன்று அளவைகளும்

காவிரிப் படுகையில் செம்மை நெல் சாகுபடி முறைப்படி 25 சென்டிமீட்டர் இடைவெளியில் நடவு செய்யப்பட்ட வயலை வரப்பில் நின்று நோக்குவோர்க்கு, நாற்று வரிசைகள் தொலைவில் நெருங்கிக் கூடுவனபோலத் தோன்றும். இவ்வாறு ஒன்றை மற்றொன்றாகக் காணும் பிழையை, அருணந்தி சிவாசாரியாரின் 13ஆம் நூற்றாண்டு நூலாகிய சிவஞான சித்தியார் திரிபுக்காட்சி என வகுக்கிறது. திருவாவடுதுறை ஆதீனத்துச் சிவஞான முனிவர் பொழிப்புரை கண்ட இந்நூல், காட்சி, கருதல், உரை ஆகிய மூன்றையே அளவைகளாக, அதாவது உண்மையை அறியும் வழிகளாக, ஏற்கிறது. இணையான இரு கோடுகள் ஒருபோதும் சந்திக்கமாட்டா என்பது இவற்றுள் எதன் வழி அறியப்படுகிறது? முடிவின்றி நீளும் கோட்டின் எல்லைவரை சென்று பார்த்தவர் எவருமிலர். ஆதலின் அது காட்சி அன்று.

இயற்கணிதம் கருதலின், அதாவது அனுமானத்தின், வழியே விடை தருகிறது. கோடு ஓரலகு வலப்பக்கம் செல்லும்போது எத்தனை அலகு உயர்கிறது என்பது சாய்வு. அது செங்குத்து அச்சை வெட்டும் உயரம் வெட்டுத்துண்டு. கிடைத்தொலைவைச் சாய்வால் பெருக்கி வெட்டுத்துண்டைக் கூட்டினால் கோட்டின் உயரம் கிடைக்கும் என்பதே நேர்கோட்டின் சமன்பாடு. சாய்வு 2, வெட்டுத்துண்டு 5 உடைய கோட்டிற்கு இணையாக, கிடைத்தொலைவு 3, உயரம் 7 ஆகிய புள்ளியின் வழியே ஒரு கோடு வேண்டுமெனில், சாய்வை 2 என்றே நிறுத்தி, 7-இலிருந்து 3-இன் இருமடங்கைக் கழிக்க, வெட்டுத்துண்டு 1 என வருகிறது. இவ்விரண்டும் ஓரிடத்தில் கூடும் எனக் கொண்டால் அங்கே உயரங்கள் சமமாதல் வேண்டும். இருபுறமும் உள்ள கிடைத்தொலைவின் இருமடங்கை நீக்கினால் 5-உம் 1-உம் சமம் என்னும் முரணே எஞ்சுகிறது. கண் எட்டாத தொலைவைப் பற்றிய உறுதி இரண்டே வரிகளில் கிட்டிவிடுவது பெருவியப்புக்குரியது.

ஆயினும் இக்கருதல் தனித்து நிற்பதன்று. தளம் வளைவற்றது என்னும் கொள்கை முன்னரே ஏற்கப்பட்டிருப்பதனாலேயே சாய்வு எங்கும் மாறாதிருக்கிறது. யூக்ளிட் இணைகோடுகளைப் பற்றித் தம் ஐந்தாம் எடுகோளாக, அதாவது நிறுவாமலே ஏற்கும் கூற்றாக, வைத்ததை ஏனைய எடுகோள்களிலிருந்து நிறுவப் பலர் முயன்று தோற்றனர். 1829-இல் லோபச்செவ்ஸ்கியும் 1832-இல் போல்யாயும் அதனை விலக்கியே வேறொரு வடிவியலை வகுத்து வெளியிட்டனர். பூமியின் வளைந்த பரப்பிலோ, தஞ்சாவூர் வழியாகவும் நாகப்பட்டினம் வழியாகவும் செல்லும் தீர்க்கரேகைகள் நிலநடுக்கோட்டைச் செங்கோணத்தில் வெட்டியும் துருவத்தில் கூடிவிடுகின்றன.

அவ்வெடுகோளை உரை எனலாமோ எனில், அதுவும் பொருந்தாது. சைவ சித்தாந்தத்தில் உரை என்பது குற்றமற்ற இறைவனின் வாக்கு. அதற்கு மாற்று இல்லை. எடுகோளோ மாற்றுக்கு இடம் தருவது. ஆராய்வோர் உடன்பட்டு வைக்கும் தொடக்கமே அது. படுகையின் பள்ளிகளில் இணைகோட்டுச் சமன்பாட்டைக் கற்பிப்போர், சாய்வுகள் சமம் என்னும் விதியோடு, அவ்விதியைத் தாங்கும் இவ்வுடன்பாட்டையும் மாணவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும்.