நிய்யத்தும் பழக்கமும்

றமழான் மாதத்து இரவுகளில், மருதமுனையிலிருந்து கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் வழியாக அக்கரைப்பற்று வரை நீளும் கரையோர முஸ்லிம் ஊர்களின் பள்ளிவாசல்களில், தறாவீஹ் தொழுகை முடிந்ததும் ஒரு சிறு நிகழ்ச்சி இடம்பெறுகின்றது. மறுநாள் நோன்பு நோற்பதற்கான நிய்யத்தை இமாம் சொல்லிக்கொடுக்க, ஜமாஅத்தார் அதனைத் திருப்பிச் சொல்லுகின்றனர். மாதத்தின் முதலிரவில் மட்டுமன்று, ஒவ்வோரிரவும் இது நடைபெறும். அறுபது வருடங்களாக நோன்பு நோற்றுவரும் முதியவரும் நாளைய நோன்பை நாளைக்கென்றே எண்ணிக்கொள்கின்றார். அறுபது வருடப் பழக்கம் போதாதா? உறுதிப்பட்டுவிட்ட பழக்கத்துக்கு மேலும் ஓர் எண்ணம் எதற்கு?

இதற்குரிய நேரான விடை சட்டநூல்களில் உண்டு. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபின்படி, றமழானின் ஒவ்வொரு நோன்பும் தனித்தனி வணக்கமாகும். உண்ணவும் பருகவும் அனுமதிக்கப்பட்ட இரவு இடையே வந்து ஒரு நோன்பை மற்றதினின்றும் பிரித்துவிடுவதால், ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய இரவிலேயே நிய்யத் வேண்டும். மாலிகீ மத்ஹபினரோ, இடையறாது நோற்கப்படும் முழு மாதத்தையும் ஒரே வணக்கம்போற் கொண்டு, முதலிரவில் வைக்கும் ஒரு நிய்யத் போதுமென்பர். நோயாலோ பயணத்தாலோ அத்தொடர்ச்சி அறுந்தால் அதனைப் புதுப்பிக்கவேண்டும். இவற்றுள் எது சரியென ஆராய்வது மார்க்க அறிஞர் பணி. ஆயின், நோன்பின் எல்லையைத் தாண்டிய ஓர் அறவியல் வினாவும் இவ்வேறுபாட்டினுள் அடங்கியிருக்கின்றது. நிலையான பயனை நாடி ஒரு பழக்கத்தை மேற்கொள்பவன், முடிவை ஒருமுறை எடுத்துவிட்டு எஞ்சியதைப் பழக்கத்தின் பொறுப்பில் விட்டுவிடலாமா? அன்றி, நாள்தோறும் முடிவெடுத்தே தீரவேண்டுமா?

மேலைநாட்டு மெய்யியலில் இவ்விரு பக்கங்களுக்கும் பெரியோர் உளர். வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கட்டுநன் ஆகின்றான், யாழை மீட்டி மீட்டியே இசைஞன் ஆகின்றான், அவ்வாறே நீதியான செயல்களைச் செய்து செய்தே நீதிமான் ஆகின்றான் என்பது அரிஸ்டோட்டிலின் கொள்கை. பதினெட்டாம் நூற்றாண்டின் ஜேர்மானிய மெய்யியலாளர் இமானுவேல் காண்ட் இதனை உடன்பட்டிலர். பழக்கத்தால் தானாக நிகழும் நற்செயலில் மனிதனின் சுதந்திரம் எங்கே என்பது அவர் கேள்வி; நற்பண்பு ஒவ்வொரு முறையும் சிந்தனையிலிருந்து புதிதாகப் பிறக்கவேண்டுமென அவர் கருதினார். இதனைச் சொன்னவர், நாள்தோறும் காலை ஐந்து மணிக்கு வேலையாளைக்கொண்டு தம்மை எழுப்பச் செய்தவர். தவறாத நேரத்தில் உலாவச் செல்வதாற் புகழ்பெற்றவர் என்பது சுவையான முரண்.

இமாம் கஸ்ஸாலி இவ்விருவருக்கும் இடைப்பட்டு நிற்கின்றார் எனலாம். எழுத்தணிக் கலைஞனாக விரும்புபவன் முதலில் தேர்ந்தவனின் எழுத்தைப் பார்த்து வருந்தி எழுதிப் பழகவேண்டும், பின்னர் அது அவன் இயல்பாகிவிடும் என அவர் ‘இஹ்யா’வில் விளக்குமிடம் அரிஸ்டோட்டிலுக்கு நெருங்கியது. ஆயின் அவரது வாழ்க்கை வேறொன்றையும் காட்டுகின்றது. பக்தாத் நிஸாமிய்யாக் கல்லூரியில் நூற்றுக்கணக்கான மாணவருக்குப் பாடஞ்சொல்லிப் புகழின் உச்சியில் இருந்த வேளையில், அவர் தம் போதனையின் நிய்யத்தைச் சோதித்துப் பார்த்தார். அது இறைவனுக்காக அன்றிப் பெயருக்காகவும் பதவிக்காகவும் நடைபெறுவதாகக் கண்டார். ஏறத்தாழ ஆறு மாதம் தடுமாறியபின், 1095 இல் அப்பதவியைத் துறந்து வெளியேறினார். பாடங்கள் ஒழுங்காகவே நடந்தன. மாணவர் குறைவின்றியே கற்றனர். பழக்கத்திற் பழுதில்லை. பழுது உள்ளே இருந்தது. நின்று பார்த்திராவிடின் அது தெரிந்திராது.

இவ்வளவு உயர்ந்த இடத்திலிருந்து இறங்கி, கல்முனைப் பகுதியில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு மாணவனின் மேசைக்கு வரலாம். அங்கே சுவரில் ஒரு நேரசூசி ஒட்டப்பட்டிருக்கும். நான்கு நிற மையால் எழுதப்பட்டது. காலை நான்கரைக்குத் தொடங்கி இரவு பதினொன்றில் முடிவது. மூன்று நாட்கள் அது சிறப்பாக நடைபெறும். நான்காம் நாள் வீட்டிலொரு கலியாணமோ காய்ச்சலோ வரும். ஐந்தாம் நாள் அவன் அந்நேரசூசியை நிமிர்ந்து பார்ப்பதில்லை. அடுத்த மாதம் புதியதொன்று, இன்னும் அழகாக எழுதப்படும்.

அவனைச் சோம்பேறி என்பது எளிது. ஆயின் அது சரியான தீர்ப்பன்று. முழு மாதத்தையும் ஒரே பொருளாக எண்ணி ஒரே முடிவை எடுத்தவன் அவன். ஒரு நாள் உடைந்தபோது முழுப் பொருளும் உடைந்ததாகவே அவனுக்குத் தோன்றியது. அறுந்த இடத்தில் மீண்டும் தொடங்கலாமென மாலிகீ சட்டத்தில் உள்ள வழியைக்கூட அவன் தனக்கு வைத்திருக்கவில்லை. நாளொவ்வொன்றையும் தனிச் செயலாகக் கொண்டிருந்தால், நான்காம் நாளின் தவறு நான்காம் நாளோடு நின்றிருக்கும். காரணத்தோடு விடுபட்ட நோன்புக்கு ஒரு நாளுக்கு ஒரு நாளாகவே கழா உண்டு. விட்ட ஒன்றுக்காக நோற்ற மற்றவை வீணாவதில்லை. தன்மீது தானே சட்டம் இயற்றுபவர்கள் மார்க்கச் சட்டத்தைவிடக் கடுமையானவர்களாக இருப்பதும், அதனாலேயே விரைவில் கைவிடுவதும் எங்கும் காணத்தக்கதே.

செயல்களில் இறைவனுக்கு மிக விருப்பமானது, சிறிதாயினும் நிலைத்துச் செய்யப்படுவதே என்பது நபிமொழியின் கருத்து. தொடர்ந்து விழும் சிறு நீர்த்துளிகள் கல்லிலும் குழி விழச் செய்யும், அதேயளவு நீரை ஒருங்கே ஊற்றினால் தடயமும் இராது எனக் கஸ்ஸாலி இதற்கு உவமை கூறுகின்றார். துளிகள் தனித்தனியே விழுகின்றன என்பது கவனித்தற்குரியது. இக்கரையோர ஊர்களில் நாள் ஏற்கெனவே ஐந்தாகப் பகுக்கப்பட்டிருக்கின்றது. “அஸருக்குப் பிறகு வாருங்கள்” என்றால் மணி கேட்பார் இல்லை. சுபஹுக்குப் பின் சிறிது ஓதுவதும், இஷாவுக்குப் பின் அன்றைய கணக்கை எழுதுவதும் இவ்வேளைகளைக் கொழுவியாகக் கொண்டு தொங்குகின்றன. புதிய பழக்கமொன்றுக்கு நேரம் தேடி அலைவதிலும், உள்ள பழக்கமொன்றின் அருகில் அதனை வைப்பது இலகு.

ஆயினும் கொழுவியே கழன்றுவிடும் காலமும் உண்டு. காரைதீவில் 1892 இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர் பழந்தமிழிசை பற்றிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆராய்ந்து இயற்றிய ‘யாழ் நூல்’ 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. மறுமாதம் 19 ஆம் திகதி அவர் மறைந்தார். அவ்வாண்டுகளில் அவருக்கு நிலையான ஓர் இடம் வாய்க்கவில்லை. பாடசாலைப் பணி, இமயச் சாரலில் மாயாவதியில் சஞ்சிகை ஆசிரியப் பணி, 1943 முதல் இலங்கைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பணி என இடமும் கடமையும் மாறிக்கொண்டே இருந்தன. மேசை மாறிய ஒவ்வொரு முறையும் வேலை மீண்டும் தொடங்கப்பட்டிருக்கவேண்டும்.

அவர் பிறந்த இதே கரை, 2004 டிசம்பர் 26 ஆம் திகதி அதனிலும் கொடியதைக் கண்டது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் கடற்கோளில் மாண்டனர். கடலோரக் குடியிருப்புகள் தெருத்தெருவாக அழிந்தன. பழக்கங்களைத் தாங்கி நின்ற வீடும் மேசையும் தறியும் பலருக்கு ஒரு முற்பகலில் இல்லாமற் போயின; எழுப்பிவிட்ட தாயும் போனாள். அத்தகைய மறுநாளில் எந்தப் பழக்கமும் தானாக ஒருவனை எழுப்புவதில்லை. அன்று எழுந்தவர்கள் முடிவெடுத்தே எழுந்தனர். இதனை மனவுறுதியின் பெருமை என்று பேசுவது, எழ முடியாமற் போனவர்களுக்குச் செய்யும் அநீதியாகும்.

மருதமுனையின் கைத்தறி நெசவு அதன் பின்னரும் நின்றுவிடவில்லை. நெசவாளியின் கை நாடாவைச் செலுத்துகின்றது, கால் மிதிக்கின்றது. இரண்டும் எண்ணத்தைக் கேட்பதில்லை, அதனால் அவர் அருகிலிருப்பவரோடு உரையாடிக்கொண்டே நெய்யலாம். ஆயின் பாவில் ஓர் இழை அறுந்தால் கையோ காலோ அதனை அறியா. கண் காணாவிட்டால், ஒழுங்கான அதே வேகத்தில், துணி நெடுகிலும் ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். பழக்கம் கைகாலுக்குரியது, இழையைப் பார்ப்பது அவருக்குரியது.

பள்ளிவாசலிற் கூட்டமாகச் சொல்லப்படும் நிய்யத்தும் வாய்ப்பழக்கம் ஆகிவிடாதா என்று கேட்கலாம். ஆகும், பலருக்கு ஆகியுமிருக்கும். நிய்யத்தின் இடம் உள்ளமே, நாவினால் மொழிவது அதற்குத் துணை மட்டுமே எனச் சட்ட அறிஞர் கூறியிருப்பது இவ்வபாயத்தை அறிந்துதான் போலும். சொற்களுக்குள் எண்ணம் இருக்குமென்பதற்கு எவரும் பிணை நிற்க முடியாது. இரவுதோறும் அதற்கொரு வேளை ஒதுக்கப்பட்டுள்ளது, அவ்வளவே.

மாதத்தின் நடுவே நோயுற்று ஒரு வாரம் நோன்பை விட்டவன், தேறியபின் ஓரிரவு மெல்ல நடந்து வந்து பின்வரிசையில் அமர்கின்றான். இமாம் சொல்லிக்கொடுப்பதை மற்றையோரைப் போலவே அவனும் சொல்லுகின்றான். அவனுக்கென்று வேறு சொற்கள் வகுக்கப்படவில்லை.