ஒன்றுக்கு எண்பத்தேழு

மதுராந்தகத்தில் எனக்கு ஒரு சிநேகிதன் இருக்கிறான். சைன்போர்டு எழுதுகிறவன். எழுதிக்கொண்டிருந்தவன் என்று சொல்வதுதான் சரி. ஃப்ளெக்ஸ் பேனர் வந்த பிறகு தூரிகை பிடிக்கிற கைக்கு ஊரில் அதிக வேலை இல்லை. பள்ளிக்கூடச் சுவர்களில் திருக்குறள் எழுதியும், லாரிகளின் பின்புறத்தில் முதலாளியின் குழந்தைகள் பெயரை எழுதியும் காலம் தள்ளுகிறான். நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள்.

போன தை மாதம் அவன் வீட்டுக்குப் போனபோது கூடத்தில் உட்கார இடமில்லை. ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரையில் பலகை போட்டு, அதன்மேல் ஒரு ரயிலை நிறுத்தி வைத்திருந்தான். வெள்ளையும் நீலமுமாக, மூக்கு நீண்ட ரயில். சென்னையிலிருந்து திருநெல்வேலிக்கு மதியத்துக்கு மேல் அவன் ஊர் வழியாகப் போகிற வந்தே பாரத் வண்டி. மதுராந்தகத்தில் அது நிற்பதில்லை. தன் ஊரில் நிற்காத ஒரு வண்டியை ஒரு மனிதன் தன் கூடத்தில் நிறுத்தி வைத்திருக்கிறானே என்று எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது.

இந்த வண்டி நம்மூர்ச் சரக்கு என்பது வாசகர்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். பெரம்பூரில் 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி நேரு தொடங்கி வைத்த ரயில்பெட்டித் தொழிற்சாலையில் பிறந்தது. 2018இல் உருவானதால் முதலில் அதற்கு ‘டிரெயின் 18’ என்று பெயர். 2019 பிப்ரவரியில் டெல்லிக்கும் வாரணாசிக்கும் இடையே ஓடத் தொடங்கியது. தனியாக எஞ்சின் கிடையாது. பாதிப் பெட்டிகளின் அடியிலேயே மோட்டார்கள் இருக்கின்றன. திருநெல்வேலி வண்டி 2023 செப்டம்பரில் எட்டுப் பெட்டிகளோடு வந்தது. சிநேகிதனும் எட்டுப் பெட்டிகளோடுதான் ஆரம்பித்தான். இப்போதையதில் பாதி நீளப் பலகை போதுமானதாக இருந்தது. 2025இல் ரயில்வேக்காரர்கள் அதைப் பதினாறு பெட்டியாக்கினார்கள். அவனும் விடவில்லை. இப்போது அது பதினாலரை அடி நீளம். அவன் மனைவி சமையலறைக்குப் போவதென்றால் ரயிலின் மூக்கைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

சன்போர்டு என்று விளம்பரக்காரர்கள் பயன்படுத்தும் இலேசான பலகையை பிளேடால் அறுத்து ஒட்டியிருந்தான். ஜன்னலுக்குக் கறுப்புச் சாயம் பூசிய பிளாஸ்டிக் தாள். கூரைமேல் மின்சாரக் கம்பியைத் தொடுகிற அந்தக் கூண்டுக்குப் பழைய குடைக்கம்பி. மூக்குத்தான் அவனைப் பாடாய்ப் படுத்தியதாம். பலகைத் துண்டுகளை அடுக்கடுக்காக ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்து, கார்களுக்குப் பூசுகிற பட்டியைப் பூசி, மறுபடி தேய்த்து... நான்கு மூக்குகளைத் தூக்கி எறிந்துவிட்டு ஐந்தாவதை வைத்திருக்கிறான்.

அளவு ஒன்றுக்கு எண்பத்தேழு. உலகத்தில் பொம்மை ரயில் செய்கிறவர்களில் பெரும்பாலோர் கையாளும் அளவு இது. அசல் வண்டியின் ஓர் அடி, மாதிரியில் மூன்றரை மில்லிமீட்டர். இந்த அளவுக்குத் தண்டவாளம் கடையில் விற்கிறது. ஆனால் கடைத் தண்டவாளம் வெளிநாட்டு ரயிலுக்கு உரியது. அந்த நாடுகளில் பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். எண்பத்தேழால் வகுத்தால் பதினாறரை. நம்முடைய அகலப்பாதை 1676. வகுத்துப் பார்த்தால் பத்தொன்பதே கால் வருகிறது. இரண்டே முக்கால் மில்லி வித்தியாசம். இந்திய வண்டிகளைச் செய்கிறவர்களில் அநேகர் இதைக் கண்டுகொள்ளாமல் கடைத் தண்டவாளத்திலேயே ஓட்டிவிடுகிறார்கள். யார் கண்ணிலும் படாது.

“படாதுதான். எனக்குத் தெரியுமேடா” என்றான் சிநேகிதன். தண்டவாளத்தையும் கட்டைகளையும் அவனே செய்து ஒட்டியிருந்தான்.

நான் கல்லூரிப் படிப்பை முடிக்காதவன்; கணக்கில் புலியும் அல்ல. ஆனாலும் அன்று இரவு ஒரு தாளை எடுத்துக்கொண்டு வகுத்துப் பார்த்தேன். ஒரு பெட்டியின் எடை ஐம்பது டன் என்று வைத்துக்கொள்வோம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் எண்பத்தேழில் ஒரு பங்காக்கினால் எடை ஆறரை லட்சத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. எழுபத்தாறு கிராம்! சட்டைப்பையில் போட்டுக்கொள்ளலாம். மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தை எண்பத்தேழால் வகுத்தால், தவழ்கிற குழந்தை அதை முந்திவிடும். பிளாட்பாரத்தில் நிற்கிறவனுடைய வேட்டியை இழுத்துக்கொண்டு போகிற அந்தக் காற்று, காலடியில் அதிர்கிற மண், இவற்றை எந்த எண்ணால் வகுப்பது?

ஆக, மாதிரி என்றாலே விடுவதுதான். பெட்டிக்கு அடியில் இருக்கும் குழாய்களை அவன் விட்டுவிட்டான்; கழிவறைத் தொட்டிகளை விட்டுவிட்டான். அதற்காக அவனை யாரும் பொய்யன் என்று சொல்லமாட்டார்கள். நான் நாவல் எழுதுகிறேன். ஒரு மனிதனின் அறுபது வருஷத்தை முந்நூறு பக்கத்தில் அடைக்கிறேன். அவன் பல் தேய்த்த நாட்களை எல்லாம் எழுதவா முடியும்? விடத் தெரிந்தவனே எழுதத் தெரிந்தவன் என்று இளம் எழுத்தாளர்களுக்கு மேடையில் உபதேசமும் செய்திருக்கிறேன்.

இதிலே ஒரு சிக்கல் இருக்கிறது. சிநேகிதன் வீட்டுக்கு முந்தின நாள் நான் மாமல்லபுரத்தில் இருந்தேன். ஐந்து ரதங்களை எத்தனையாவது முறையாகவோ பார்த்தேன். ஏழாம் நூற்றாண்டுச் சிற்பிகள் பாறையில் செதுக்கிய மாதிரிகள்தானே அவை! பாண்டவர்களுக்கும் அவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. பெயர் பிற்காலத்தார் வைத்தது. மரத்தாலும் கூரையாலும் அந்தக் காலத்தில் கட்டிய கோயில்களையும் குடில்களையும் பார்த்துக் கல்லில் அடித்திருக்கிறார்கள். திரௌபதி ரதம் ஓலைக்குடிசையேதான். கல்லுக்குத் தேவையில்லாத உத்தரங்களைக்கூட மரத்தில் இருந்தபடியே காட்டியிருக்கிறார்கள். அவர்கள் பார்த்த அசல்கள் அத்தனையும் மக்கிப்போயின. மாதிரி மட்டும் கடற்கரையில் நிற்கிறது. இன்று ஒருவர் பல்லவர் காலத்து மரக்கட்டடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்தக் கல்லைத்தான் கேட்கவேண்டும். சிற்பி சொன்னதுதான் சாட்சி. அவன் விட்டது போனது போனதுதான்.

மதுராந்தகத்துக்கே ஒரு கதை உண்டு. ஏரி உடையப்போன மழை இரவில் ராமரும் லட்சுமணரும் வில்லேந்திக் கரையில் காவல் நின்றதைக் கலெக்டர் லயோனல் பிளேஸ் பார்த்தார் என்பார்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் நடந்ததாகச் சொல்வது. ஏரி காத்த ராமர் கோயிலுக்குப் போனால் இன்றும் சொல்லக் கேட்கலாம். நான் அதை நம்புகிறேனா என்பது வேறு விஷயம். அந்த மழையில் மண்வெட்டியும் கூடையுமாகக் கரையில் யாராவது மண் போட்டிருப்பார்கள் அல்லவா? கதையில் அவர்கள் இல்லை. கலெக்டர் இருக்கிறார்.

சிநேகிதனின் ரயிலுக்குத் திரும்புகிறேன். வண்டியோடு நிற்காமல் ஒரு சின்ன ஸ்டேஷனையும் செய்திருந்தான். பெஞ்சு, தண்ணீர்க் குழாய், மஞ்சள் பலகையில் மூன்று மொழியில் ஊர்ப்பெயர் (அது அவன் தொழிலாயிற்றே, எழுத்து முத்து முத்தாக இருந்தது). பெஞ்சுக்கு அடியில் ஒரு நாய்கூடப் படுத்திருந்தது. தண்டவாளத்தின் ஓரத்தில் ஒருவரும் இல்லை.

அவனுடைய தகப்பனார் இந்தப் பாதையில் கீமேனாக இருந்தவர். எங்கள் சிறுவயதில் அது மீட்டர் கேஜ். சுத்தியலும் ஸ்பானரும், சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் எடுத்துக்கொண்டு தினமும் ஐந்தாறு கிலோமீட்டர் நடந்து, ரயில் ஓடி ஓடித் தளர்ந்த ஆப்புகளை அடித்து இறுக்கிவிட்டு வருவார். வண்டி வந்தால் ஒதுங்கி நிற்பார். அது போனதும் மறுபடி நடப்பார். இன்றைக்கு ஆப்புகள் போய்க் கிளிப்புகள் வந்துவிட்டன. நடப்பவர்கள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

“நாயை வைத்திருக்கிறாயே, அப்பா எங்கேடா?” என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கேட்டிருக்கக் கூடாது என்று தோன்றியது. ஏனென்றால் அந்தக் கேள்வியைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

பதினைந்து வருஷங்களுக்கு முன் ஒரு வாரப்பத்திரிகையில் நான் எழுதிய தொடர்கதையின் நாயகி அவர்கள் வீட்டில்தான் பிறந்தாள். அந்த ஓட்டு வீடு, வாசல் புளியமரம், வண்டி போகும்போது அலமாரியில் டம்ளர்கள் கிணுகிணுப்பது எல்லாம் உள்ளபடி எழுதினேன். தகப்பனாரை மட்டும் ஸ்டேஷன் மாஸ்டராக்கிவிட்டேன். அதற்குக் காரணங்கள் வைத்திருந்தேன். ஸ்டேஷன் மாஸ்டர் ஓரிடத்தில் உட்கார்ந்திருப்பார், அவரைத் தேடி நாலு பேர் வருவார்கள், கதை நடத்த வசதி. உண்மையான காரணங்கள்தான். அவற்றுக்கு அடியில் இன்னொன்று இருந்தது. கீமேனின் மகளை உங்கள் வீட்டுக் கூடத்தில் கொண்டுவந்து உட்கார வைத்தால் நீங்கள் முகம் சுளிப்பீர்களோ என்று பயந்தேன். உங்களைக் குறை சொல்லவில்லை. நான் உங்களைக் கேட்டுப் பார்க்கவே இல்லை. அதைவிட, அந்த வீட்டில் எத்தனையோ நாள் சாப்பிட்டிருந்தும் அந்த மனிதரோடு ஒருநாள்கூட உட்கார்ந்து பேசியவனல்ல நான். தெரியாத ஆளை எப்படி எழுதுவது? தெரிந்த மாதிரி இருக்கிற ஆளை வைத்துவிட்டேன்.

நாவல் வந்தபோது சிநேகிதன் எனக்கு நன்றி சொன்னான். “அப்பாவைப் பெரிய ஆளாக்கிட்டே” என்றான். நானும் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டேன்.

இப்போது என் கேள்விக்கு அவன் உடனே பதில் சொல்லவில்லை. ஒரு பெட்டியின் கூரையில் இல்லாத தூசியைத் துடைத்தான்.

“நாலு தடவை செஞ்சு பார்த்தேன். ரெண்டு சென்டிமீட்டர்கூட வராது ஆளு. செய்யறது கஷ்டமில்ல. ரயில் போறப்போ அவரு எப்படி நிப்பாருன்னு எனக்குத் தெரியல. பசங்களோட வர்றப்போ தூரத்துல அவரைப் பார்த்தா, நான் வேற பக்கம் திரும்பிக்குவேன்.”

சிறிது நேரம் கழித்து, “அம்மாவுக்கு உன் நாவலை அப்பவே வாசிச்சுக் காட்டினேன். உங்கிட்ட சொன்னதில்ல” என்றான்.

“என்ன சொன்னாங்க?”

“புளியமரம், டம்ளர் சத்தம் எல்லாம் சரியா இருக்குதுன்னு சொல்லுச்சு. கடைசியில, ‘இந்த ஸ்டேஷன் மாஸ்டர் யாருடா’ன்னு கேட்டுச்சு.”

அந்த அம்மாள் அப்போது பின்கட்டில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். எண்பது வயதுக்குக் கிட்டத்தட்ட. நான் போய்ப் பேசிவிட்டு வந்தேன். கீரையைப் பற்றித்தான் பேசினோம்.

இந்த வித்தியாசத்தை எவ்வளவு யோசித்தும் என்னால் எனக்குச் சாதகமாக்க முடியவில்லை. அவனும் தகப்பனாரை விட்டிருக்கிறான், நானும் விட்டேன். பாதையோரம் காலியாக இருப்பதைப் பார்க்கிறவன், இங்கே யாரோ நிற்கவேண்டுமே என்று கேட்கலாம், நான் கேட்டேன். என் நாவலைப் படித்தவர்கள் அப்படிக் கேட்க வழியில்லை. அந்த இடத்தில் ஒருவரை இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு நிறுத்தியிருக்கிறேன். இரண்டே முக்கால் மில்லிக்குக் கடைத் தண்டவாளத்தைத் தள்ளியவன், தெரியாத தகப்பனை இட்டுக்கட்டவும் மறுத்துவிட்டான். அவனுக்குத் தன் வெட்கத்தை மறைக்கத் தெரியவில்லை என்றும் சொல்லலாம். எனக்குத் தெரிந்திருந்தது.

போன மாதம் பதிப்பாளர் அந்த நாவலின் அடுத்த பதிப்புக்குத் திருத்தங்கள் இருந்தால் அனுப்பும்படி எழுதியிருந்தார். உட்கார்ந்து முழுவதும் படித்தேன். பதினோரு எழுத்துப்பிழைகள் அகப்பட்டன. அனுப்பிவிட்டேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை சிநேகிதன் டெலிபோன் செய்தான். பொதுவாக அவன் என்னைக் கூப்பிடுகிறவன் அல்ல.

“அம்மாவைக் கேட்டேண்டா. சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போறப்போ பார்க்குமாம். சுத்தியலு இடது தோள்ல இருக்குமாம். வண்டி போறப்போ வலது கையில கொடியைச் சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு, சக்கரத்தையே பார்த்துக்கிட்டு நிப்பாராம். வண்டியில இருக்கிற ஜனங்களை நிமிர்ந்தே பார்க்கமாட்டாராம்.”