ஜாம்பவான் குலமும் எம்பெருமான் உடைமையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:



அத்திகிரி அருளாளன் கருடாரூடனாய்த் திருவீதிகளில் எழுந்தருளும் சேவையைக் கண்ணாரக் காண நெடுந்தூரம் கடந்து திருக்கச்சி வந்துள்ள அடியார்கள், பெரிய காஞ்சிபுரத்தில் திருஊரகத்து உலகளந்த பெருமாளையும் ஸேவித்தே செல்வது வழக்கம். அந்த நெடிய திருமேனியை வலம் வரும்போது ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். எம்பெருமான் திரிவிக்கிரமனாய் ஓங்கி நின்ற காலத்தில், மலைகளும் காடுகளும் சூழ்ந்த இப்பூமியைத் தாம் 21 முறை வலம் வந்ததாக ஜாம்பவான் கூறுவதை ஸ்ரீமத் ராமாயணம் கிஷ்கிந்தா காண்டத்தில் காண்கிறோம். அவர் யார்? கரடிகளின் அரசர். நாம் இன்று செய்யும் பிரதக்ஷிணத்தில் நமக்கு முன்னே சென்றவர் ஒரு கரடி.

அம்மட்டோ! கடற்கரையில் வானர வீரர்கள் கலங்கி நின்றபோது, அநுமனுக்கு அவனுடைய பலத்தை நினைவூட்டியவர் அவரே. யுத்தத்தில் பிரம்மாஸ்திரத்தால் சேனை சாய்ந்து கிடந்த இரவில், மருந்து மலைக்கு வழி கூறியவரும் அவரே. ராமகாரியம் நிறைவேறியதில் அக்குலத்திற்கும் பங்குண்டு.

கிருஷ்ணாவதாரத்திலும் இத்தொடர்பு அறவில்லை. ஸ்யமந்தக மணியை அணிந்து வேட்டைக்குச் சென்ற பிரஸேனன் சிங்கத்தால் மாண்டான். சிங்கத்தை ஜாம்பவான் வென்று மணியைக் கொண்டார். மணியைத் தேடிக் குகைக்குள் புகுந்த கண்ணனோ அவரோடு 28 நாட்கள் பொருதான் என்கிறது ஸ்ரீமத் பாகவதம். வென்றவன் தோற்றவரைக் கொன்று தோலை உரித்தானா? இல்லை. தளர்ந்த உடலைத் திருக்கையால் தடவிக்கொடுத்தான். அவர் திருமகளாகிய ஜாம்பவதியைக் கரம் பற்றினான். குகையிலிருந்து எம்பெருமான் கொண்டுவந்தது உறவையேயன்றி வெற்றிச் சின்னத்தை அன்று.

இப்புராணத்தை இன்று கூற வேண்டிய காரணம் உண்டு. தலையையும் தோலையும் வெற்றிச் சின்னமாகச் சுவரில் மாட்டிவைக்கக் கரடியைச் சுடலாம் என்று சட்டமே இடங்கொடுக்கும் நாடுகள் இன்றும் உள்ளன. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் 2015ஆம் ஆண்டு நடந்த வேட்டையில் இரண்டே நாட்களில் சுமார் 300 கருங்கரடிகள் மாண்டன. பத்து ஆண்டுகளுக்குப் பின், 2025 டிசம்பரில், 172 அனுமதிச் சீட்டுகளுடன் அவ்வேட்டை மீண்டும் திறக்கப்பட்டது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமோ, தொல்குடி மக்களின் மரபுரிமை நீங்கலாக, கிரிஸ்லி கரடி வேட்டையை 2017ஆம் ஆண்டிலேயே தடை செய்தது.

நம் பாரத நாட்டின் கதையும் இதற்கு அயலானதன்று. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் முதலில் உரிமம் பெற்று வேட்டையாடச் சில வழிகளை விட்டிருந்தது; 1991ஆம் ஆண்டுத் திருத்தம் அவற்றை அடைத்தது. கரடி இன்று அச்சட்டத்தின் முதல் அட்டவணையில் காக்கப்படுகிறது. அப்படியிருந்தும், கட்டணம் வாங்கிக்கொண்டு வேட்டையை மீண்டும் அனுமதித்தால் காட்டைக் காக்கப் பணம் கிடைக்கும், ஊராருக்கும் தொல்லை குறையும் என்ற யோசனை அவ்வப்போது தலைகாட்டுகிறது.

ஊராரின் தொல்லை பொய்யன்று. 2022 நவம்பரில் தென்காசி மாவட்டம் கடையம் அருகே கரடியொன்று மூவரைக் கொடூரமாகத் தாக்கியது. மலையடிவாரத்தில் வாழும் ஏழைகளின் அச்சத்தை அறியாமல் நகரத்தில் அமர்ந்து ஜீவகாருண்யம் பேசுவது தர்மமாகாது. ஆயினும் அந்த அச்சத்திற்குச் சட்டத்தின் பதினோராவது பிரிவு முன்னமே விடை கூறியிருக்கிறது. உயிரைக் காத்துக்கொள்ள நல்லெண்ணத்தோடு எதிர்த்துக் கொன்றால் குற்றமில்லை. மனித உயிருக்கு ஆபத்தான விலங்கைப் பிடிக்கவோ, மயக்கவோ, வேறிடம் கொண்டுபோகவோ இயலாதபோது, தலைமை வனவிலங்குக் காப்பாளர் காரணத்தை எழுத்தில் பதிந்து கொல்ல அனுமதிக்கலாம். அவ்வாறு மடிந்த விலங்கின் உடல் சுட்டவனுக்குச் சேராது, அரசின் உடைமையாகும்.

இங்கேதான் அடியார்கள் ஊன்றி நோக்க வேண்டும். காப்பதற்காகக் கொல்ல நேர்வது வேறு; கொண்டாடுவதற்காகக் கொல்வது வேறு. காசு கொடுத்து வேட்டைக்கு வருபவன் ஊருக்குள் புகுந்த கரடியைத் தேடுவதில்லை. ஒருவருக்கும் தீங்கு செய்யாமல் காட்டில் கறையானும் தேனும் நாவற்பழமும் உண்டு திரியும் கரடிகளில் பெரியது எது, அழகிய தோலுடையது எது என்றே தேடுகிறான். குட்டிகளை முதுகில் ஏற்றிச் சுமந்து வளர்ப்பது நம் நாட்டுத் தாய்க்கரடியின் இயல்பு. தாய் மாண்டால் அக்குட்டிகளின் கதி என்ன?

சேதனமும் அசேதனமும் எம்பெருமானுக்குச் சரீரம், அவனே சரீரி என்பது ஸ்ரீபாஷ்யகாரர் நமக்கு அருளிய தத்துவம். அவனுடைய பொருளை என்னுடையது என்று எண்ணுவதே பாவங்களுக்கெல்லாம் வித்து என்பர் பெரியோர். கரடியின் தோலைத் தன் பெருமைக்கு அடையாளமாக்குவது அத்திருட்டின் வெளிப்படையான உருவமன்றோ? வேட்டையின் பயனை ராமாயணமே காட்டுகிறது. இருளில் ஒலியைக் கேட்டு அம்பு தொடுத்த தசரதன், முனிவரின் மகனைக் கொன்று புத்திர சோகத்திற்கு ஆளானான். உயிரோடு கிட்டாவிடில் தோலாவது ஆசனமாகட்டும் என்று பொன்மானின்மேல் வைத்த ஆசையே பிராட்டியின் பிரிவுக்கு வாயிலாயிற்று. சக்கரவர்த்தியும் சாக்ஷாத் பிராட்டியும் நமக்காக அநுபவித்துக் காட்டிய பாடம் இது.

ஆதலின், அனுமதி வேட்டை என்ற பேச்சு எழும்போதெல்லாம் ஆஸ்திகர்கள் அடக்கமாக, ஆனால் உறுதியாக, கூடாது என்று கூறவேண்டும். கூறினால் மட்டும் போதாது. காட்டோரத்து ஏழைக்கு இழப்பீடு காலத்தில் கிடைக்கவும் குரல் கொடுக்க வேண்டும். அஹோபிலத்திற்கும், திருமலை நடைபாதைக்கும் செல்லும் அடியார்கள் கரடிகள் வாழும் காடுகளினூடே நடக்கிறார்கள். அங்கே உணவையும் எச்சில் இலையையும் எறிந்தால் கரடி மனிதரை நாடப் பழகும். பழகிய கரடியால் மனிதருக்குத் தீங்கு, மனிதரால் அதற்கு மரணம். விடியலிலும் இருளிலும் தனியே நடவாமல், கோஷ்டியாய், திருநாமம் சொல்லிச் செல்வீர்களாக.

திரும்பும் வழியில், பாலுச்செட்டி சத்திரத்தை அடுத்த திருப்புட்குழியில் விஜயராகவப் பெருமாளையும் ஸேவியுங்கள். ஒரு பறவைக்குப் பிள்ளையாய் நின்று சக்கரவர்த்தித் திருமகன் ஈமக்கடன் ஆற்றிய தலம் அது. இறகும் அலகும் உடைய ஜடாயுவைத் தந்தையாக நினைத்தவனின் அடியார் நாம். அவன் தோழராகக் கொண்ட ஜாம்பவானின் குலத்தைச் சுவரில் மாட்டும் பொருளாகக் கருத நமக்கு உரிமை ஏது?

எல்லா உயிர்க்கும் தஞ்சமாகிய பேரருளாளன், காட்டில் வாழும் ஜீவன்களுக்கும் காட்டோரத்தில் வாழும் மாந்தர்க்கும் ஒருங்கே அபயம் அளித்தருளப் பிரார்த்திக்கிறேன்.

அடியேன் ராமாநுஜ தாஸன்

சுபம்