மணிக்கட்டைப் பிடித்த கை



இயேசு உயிர்த்தெழுந்த அந்தக் கணத்தை நேரில் பார்த்ததாக நற்செய்திகளில் யாருமே சொல்லவில்லை. விடியற்காலையில் போனவர்கள் கண்டது வெறும் கல்லறையைத்தான். அதனால் உயிர்ப்பை வரைய வந்த ஓவியர்கள், தியானித்துத்தான் வரைய வேண்டியிருந்தது. நம் கோயில்களில் பாஸ்கா அன்று பார்க்கும் சுரூபத்தில் உயிர்த்த ஆண்டவர் கையில் கொடியோடு தனியாக நிற்பார். கீழைத் திருச்சபையின் ஓவியர்களோ, இயேசு இறங்கியதாக விசுவாசப் பிரமாணத்தில் நாம் சொல்லும் அந்தப் பாதாளத்துக்கே போய்விட்டார்கள்.

இஸ்தான்புல் நகரில், இன்று பள்ளிவாசலாக இருக்கும் பழைய கோரா ஆலயத்தில் அப்படி ஒரு சுவரோவியம் இருக்கிறது. 1320-ஐ ஒட்டி வரைந்தது. வரைந்தவர் பெயர் தெரியாது. வரையச் சொன்னவர் தியோடர் மெட்டோகிட்டஸ், பைசாந்தியப் பேரரசின் பெரிய அமைச்சர். ஓவியம் இருப்பது, இறந்தவர்களை அடக்கம் செய்வதற்கென்று அவர் கட்டிய பக்கச் சிற்றாலயத்தில். சுவர் மாடங்களில் கல்லறைகள். சிற்றாலயத்தின் கோடியில், பீடத்துக்கு மேலான வளைவில், இந்தக் காட்சி.

நடுவில் வெள்ளாடையில் இயேசு. காலை அகல ஊன்றி நிற்கிறார். காலடியில் பாதாளத்தின் கதவுகள் பெயர்ந்து கிடக்கின்றன. பூட்டு, சாவி, தாழ்ப்பாள் எல்லாம் இருட்டில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றின் நடுவே கைகால் கட்டுண்டு ஓர் உருவம். இனி அந்தக் கதவைப் பூட்டவே முடியாது என்று இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்?

ஒரு பக்கம் ஆதாம், நரைத்த தாடியோடு. மறுபக்கம் சிவப்பு உடையில் ஏவாள். இருவரையும் இயேசு ஒரே இழுப்பில் கல்லறையிலிருந்து தூக்குகிறார். இதற்கு முந்தைய ஓவியங்கள் பலவற்றில் ஆதாமைத்தான் தூக்குவார். ஏவாள் பக்கத்தில் காத்து நிற்பாள். இங்கே அவளுக்கும் ஒரு கை கிடைத்திருக்கிறது. எனக்கு அது பெரிய செய்தியாகப் படுகிறது.

அதைவிடவும் மனதைத் தொடுவது அந்தப் பிடி. இயேசு அவர்களின் உள்ளங்கையைப் பற்றவில்லை, மணிக்கட்டைப் பிடித்திருக்கிறார். கையோடு கை கோப்பதென்றால் இரண்டு பேருக்கும் பலம் வேண்டும். செத்துக் கிடப்பவனிடம் ஏது பலம்? ஆதாமின் விரல்கள் எதையும் பற்றவில்லை. பிடி முழுக்க இயேசுவினுடையது. கிருபை என்று நாம் சொல்வதை ஓவியர் ஒரு மணிக்கட்டில் காட்டிவிட்டார்.

இந்த ஓவியத்தை வரையச் சொன்ன மெட்டோகிட்டஸும் பிறகு தூக்கிவிட ஒரு கை வேண்டிய நிலைக்கு வந்தார். 1328-இல் பேரரசர் பதவி இழந்தபோது இவரும் வீழ்ந்தார். சொத்து போயிற்று, நாடுகடத்தினார்கள். கடைசியில் அதே கோரா மடத்துக்கு ஒரு துறவியாகத் திரும்பி வந்து, 1332-இல் அங்கேயே இறந்தார்.

நேயர்களே, மணிக்கட்டைப் பிடித்த அந்தக் கை, ஆதாம் கை நீட்டட்டும் என்று காத்திருக்கவில்லை. நாமோ துக்கத்திலும் நோயிலும் இருப்பவர்களிடம், "ஏதாவது வேணும்னா கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறோம். கூப்பிடும் தெம்புகூட இல்லாதவர் உங்கள் தெருவிலேயே இருக்கலாம். அவர் கூப்பிடட்டும் என்று காத்திருக்காமல், இன்றைக்கே ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.