அலறல் யாருக்கு?

பட்டணத்து வீட்டைக் காலிசெய்துவிட்டுத் தோட்டத்து வீட்டுக்குக் குடிபோகிறவர்கள் இருட்டுக்குச் சீக்கிரம் பழகிவிடுகிறார்கள். சத்தத்துக்குப் பழகத்தான் நாளாகிறது. கோபுரப் பொந்திலும் பாழடைந்த கட்டடங்களிலும் குடியிருக்கும் கூகை, வறண்ட தொண்டையிலிருந்து ஒரே இழுப்பில் கிறீச்சென்று கத்திவிட்டு, இறக்கைச் சத்தம் துளியும் இல்லாமல் தலைக்கு மேலே கடந்துபோகும். அதன் குஞ்சுகள் பொந்துக்குள் விடியவிடியச் சீறிக்கொண்டிருக்கும். பாம்பு புகுந்துவிட்டதென்று டார்ச் லைட்டோடு ஓடிவருகிறவர்கள் உண்டு. ஒரு நரி ஊளையைத் தொடங்கினால் மற்றவை ஆளுக்கொரு சுருதியில் சேர்ந்துகொள்ளும். நாலு நரி கத்துவது நாற்பது கத்துவதாகக் காதில் விழும். இதையெல்லாம் கேட்டுத் திடுக்கிடுவதில் வியப்பில்லை. அடுத்த நொடியில் மனசு போடுகிற கணக்குதான் வியப்பு: யாருக்கோ ஏதோ ஆகப்போகிறது. இரவில் ஓர் உயிர் கத்தினால் அது நமக்குச் சேதி சொல்கிறதா என்பது பார்வைக்குச் சின்னக் கேள்வி. உலகம் நம்மை நோக்கிப் பேசுகிறதா என்ற பழைய சமயக் கேள்வி அதற்குள்ளே உட்கார்ந்திருக்கிறது. இந்தக் கத்தல்களில் நமக்கு எந்தச் சேதியும் இல்லை என்பது என் கட்சி. சகுனம் பார்ப்பது பக்தியின் ஒரு வடிவம் மாதிரித் தெரிந்தாலும் அது பக்திக்கு நேர் விரோதமான மனநிலை என்றும் சொல்வேன்.

சேதி சத்தத்துக்குள்ளேயே இருக்கிறதென்றால் கேட்கிற எல்லோருக்கும் அது ஏறத்தாழ ஒன்றாக இருக்கவேண்டும். அப்படி இல்லை. இங்கே சாவுக்குருவி என்று விரட்டப்படும் கூகை வங்காளத்தில் லட்சுமியின் வாகனம். வீட்டுப் பக்கம் வந்தால் செல்வம் வருமென்று நினைக்கிறார்கள். பழைய ஏதென்ஸ் நகரத்தார் ஆந்தையை அறிவின் தெய்வத்தோடு சேர்த்துத் தங்கள் வெள்ளிக்காசில் பொறித்தார்கள். கேரளத்தில் காலன்கோழி என்று பெயர் வாங்கிய ஆந்தையின் நடுங்கும் கூவல், 'போவோம் வா' என்ற அழைப்பாக மலையாளக் காதுக்குக் கேட்கிறது. அதே இனம் வட இந்தியச் சமவெளியிலும் கூவுகிறது. அங்கே அதற்கு மலையாளம் தெரியாது. நரியின் கதை இன்னும் வேடிக்கை. ஊளை கெட்ட சகுனம், முகம் நல்ல சகுனம். எதிர்பாராமல் காசு வந்தவனிடம் "நரி முகத்துல முழிச்சியா?" என்று கேட்கிறோம். சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கத்து ஊர்களில் அந்த யோகத்துக்காகவே பொங்கலையொட்டி வங்காநரியை வலைவைத்துப் பிடித்து ஊருக்குள் கொண்டுவரும் வழக்கம் இருக்கிறது. வனத்துறை அபராதம் போட்டும் முழுசாக நின்றபாடில்லை. (ஊளையிடும் நரியும் வங்காநரியும் வேறு வேறு இனம் என்பது விலங்கியல் கணக்கு. ஊர்வாயில் இரண்டும் நரிதான்.) எல்லாவற்றிலும் வலுவான சாட்சி மயில். கொங்கு நாட்டுத் தோட்டங்களில் மயில் பெருகிக் கிடக்கிறது. அடைந்த மரத்தில் ஏதோ அரவம் கேட்டு நடுராத்திரியில் அது அகவினால், பூனையின் கத்தலுக்கும் மனிதக் கூக்குரலுக்கும் நடுவிலான அந்தச் சத்தம் கூகையின் கத்தலுக்குக் கொஞ்சமும் இளைத்ததல்ல. அதைக் கேட்டு யாரும் சாவை நினைப்பதில்லை. போட்ட விதையைப் பொறுக்கிவிடுமே என்று வேண்டுமானால் திட்டுவார்கள். முருகனின் வாகனம் என்ற ஒரே தகுதியில் மயில் தப்பித்தது; இங்கே அந்தத் தகுதி கிடைக்காத கூகை மாட்டிக்கொண்டது. அபசகுனத்தைக் காது கண்டுபிடிக்கவில்லை, ஊர் சொல்லிக்கொடுத்திருக்கிறது.

ஊர் சொல்லிக்கொடுத்ததை உரசிப்பார்க்க வழி உண்டு. மணிமேகலையின் 29-ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் அளவை, அதாவது தருக்க முறை, சொல்லிக்கொடுக்கிறார். பக்கம் (நிறுவ வேண்டியது), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு) என்று ஒரு வாதத்துக்கு உறுப்புகள் வேண்டும். மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையில் கண்டதுபோல. புகை இருந்தால் நெருப்பு இருந்தே தீரும் என்ற உறவு பலமுறை பார்த்து உறுதிப்பட்டதால் இந்த வாதம் நிற்கிறது. "கூகை கத்தியது, ஆகவே சாவு" என்பதற்குத் திட்டாந்தம் கேட்டால் தாத்தா செத்த ராத்திரியைச் சொல்வார்கள். கத்தியும் எல்லோரும் சுகமாகத் தூங்கி எழுந்த ராத்திரிகளை யாரும் குறித்து வைப்பதில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அடுத்தவர் விஷயத்தில் சொல்லிச் சிரிக்கிற நாம் சொந்த வீட்டு விஷயத்தில் காக்கையின் கட்சிக்குப் போய்விடுகிறோம். இதில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: நோயாளி இருக்கிற வீட்டருகே ஆந்தைச் சத்தம் அதிகம் கேட்டிருக்க நியாயமுண்டு. சீக்காளி வீட்டில் ராத்திரி முழுக்க விளக்கு எரியும். விளக்குக்குப் பூச்சி வரும். பூச்சிக்குப் புள்ளி ஆந்தை வரும். தெருவிளக்குக் கம்பத்தில் அது உட்கார்ந்து பூச்சி பிடிப்பதை இன்றும் பார்க்கலாம். அந்த வீட்டில் ஒருத்தராவது விழித்திருப்பதால் அது கத்துவது தவறாமல் காதில் விழும். ஆந்தை வந்ததால் சாவு வந்தது என்பதைவிட, சாவு நெருங்கிய வீட்டில் விளக்கு எரிந்ததால் ஆந்தை வந்தது என்பது ஏதுவுக்குப் பொருந்துகிறது.

காட்டையும் வயலையும் நம்பி வாழ்கிறவர்கள் இந்த இடத்தில் ஒரு மறுப்பு சொல்வார்கள். இரவுச் சத்தங்களில் சேதியே இல்லை என்றால், ஆள்காட்டிக் குருவி கத்தியதும் வரப்பில் யாரோ வருகிறார்கள் என்று காவல்காரர் எழுந்து உட்காருகிறாரே, அது என்ன? மந்தி எச்சரிக்கைக் குரல் எழுப்பினால் சிறுத்தை நடமாட்டம் என்று காட்டுவாசிகள் சொல்வது பலிக்கிறதே? பலிக்கத்தான் செய்கிறது, ஏனென்றால் அது புகையும் நெருப்பும் சேர்ந்த கணக்கு. ஆள்காட்டி தரையிலேயே முட்டையிடுகிற பறவை. கூழாங்கல் நிறத்தில் நாலு முட்டை, சுற்றிலும் வேலி இல்லை, கூடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை. காலடி நெருங்கினால் கத்துவதுதான் அதற்கு முதல் ஆயுதம். அங்கே காரணம் தெரிகிறது, சங்கிலி தெரிகிறது, போய்ப் பார்த்தால் ஆளும் தெரிகிறான். அப்படிப்பட்ட சத்தமும்கூட நமக்காக எழுப்பப்பட்டதல்ல. குருவி தன் முட்டைக்காகக் கத்துகிறது, நாம் ஒட்டுக்கேட்கிறோம். நல்ல காவல்காரருக்கு இது தெரியும். தனக்குச் சம்பந்தமில்லாத பேச்சைக் கூர்ந்து கேட்டு அதிலிருந்து பயன் எடுக்கிறவர் அவர். சகுனம் பார்க்கிறவரோ பேச்சையே கேட்பதில்லை. தன் பெயர் அடிபடுகிறதா என்று மட்டும் கேட்கிறார்.

பக்தரின் மறுப்பு வேறு திசையிலிருந்து வரும். ஆண்டவன் எதன் வழியாகவும் பேசலாமே, கூகையின் வழியாகப் பேசமாட்டான் என்று சொல்ல நீ யார்? நியாயமான கேள்வி. பேசமுடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் தமிழ்ப் பக்தி மரபு இதற்கு எப்போதோ பதில் சொல்லிவிட்டது. திருமறைக்காட்டிலிருந்து சம்பந்தர் பாண்டிநாட்டுக்குப் புறப்பட்டபோது, கோள்நிலை சரியில்லை என்று அப்பர் தடுத்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. தடுத்தவர் சாமானியரல்ல. அவருக்குச் சொன்ன பதிலாகப் பிறந்ததுதான் கோளறு பதிகம். கிரகங்களோடு நிற்காமல் புலி, கொலையானை, பன்றி, கரடி, நாகம் என்று காட்டில் பயமுறுத்துகிற எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து, அடியாருக்கு அவை நல்லவை என்று அது தீர்ப்புச் சொல்கிறது. அந்தப் பதிகத்தைப் பூஜை அறையில் பாடிவிட்டு வந்து, வாசல் வேம்பில் உட்கார்ந்த ஆந்தையைக் கல்லால் அடிப்பதை என்ன பக்தி என்பது? சைவ சித்தாந்தம் மும்மலங்களில் முதலாவதாக ஆணவத்தை வைத்து அதை இருளுக்கு ஒப்பிடுகிறது. கூகை தன் ஜோடியைக் கூப்பிடுகிறது, தன் எல்லையைக் காக்கிறது. அதை என் வீட்டு விவகாரம் பற்றிய அறிவிப்பாக மாற்றிக்கொள்வது அந்த ஆணவத்தின் சின்ன, ஆனால் அசலான மாதிரி. படைத்தவன் ஒருவன் உண்டென்றால், அவன் கூகையைக் கூகைக்காகவே படைத்திருக்கக்கூடும் என்று ஒத்துக்கொள்வதுதான் அடக்கம்.

பகுத்தறிவாளர் இதுவரை தலையாட்டியிருப்பார். அவரோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. "வெறும் ஆந்தைதானே, இதுக்குப் போய் பயப்படலாமா?" என்கிற சிரிப்பும் காதை மூடிக்கொள்வதுதான். பயம் மூடநம்பிக்கை அல்ல, அது உடம்பின் ஏற்பாடு. 2015-இல் 'கரண்ட் பயாலஜி' ஆய்விதழில் வந்த ஒரு ஆய்வு, மனித அலறலில் ஒலியின் அளவு நொடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறியிறங்குகிறது என்றும், சாதாரணப் பேச்சில் இல்லாத அந்தக் கரடுமுரடுதான் மூளையில் பயத்தைக் கையாளும் அமிக்டலாவைத் தட்டி எழுப்புகிறது என்றும் காட்டியது. அலறல்போலக் கேட்கிற எதற்கும் உடம்பு எழுந்து உட்காரத்தான் செய்யும். பிறகு என்ன செய்வது என்பதே கேள்வி. நான் அறிந்தவரை இதை மிக நேர்மையாகச் சந்தித்த சமயநூல் மஜ்ஜிம நிகாயத்தின் நான்காவது சூத்திரமான பயபேரவ சூத்திரம். ஞானம் பெறுவதற்கு முன் அச்சமூட்டும் வனக்கோயில்களில் குறிப்பிட்ட திதி ராத்திரிகளில் போய்த் தங்கியதைப் புத்தர் ஓர் அந்தணரிடம் சொல்கிறார். ஏதோ மிருகம் வரும், மயில் ஒரு சுள்ளியைத் தட்டிவிடும், காற்று சருகைச் சலசலக்கவைக்கும். இதோ வந்துவிட்டது அந்தப் பயம் என்று தோன்றும். அப்போது அவர் கேட்டுக்கொண்ட கேள்வி கூர்மையானது: நான் ஏன் எப்போதும் பயத்தை எதிர்பார்த்தே இருக்கிறேன்? நடக்கும்போது பயம் வந்தால் அது அடங்கும்வரை நடப்பார். உட்காரவோ படுக்கவோ மாட்டார். உட்கார்ந்திருக்கையில் வந்தால் எழமாட்டார். சத்தத்தை ஆராயாமல், அதற்கு முன்பே உள்ளே தயாராக இருந்த எதிர்பார்ப்பை ஆராய்கிறார். ஆனால் ஒழுக்கம் சுத்தமில்லாதவர்களைத்தான் காட்டில் பயம் பிடிக்கிறது என்று அதே சூத்திரம் சொல்வதை என்னால் முழுசாக ஏற்கமுடியவில்லை. பிள்ளைகளைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு தனி வீட்டில் படுத்திருக்கும் ஒரு தாய் ஊளை கேட்டு நடுங்குவதில் என்ன ஒழுக்கக்கேடு?

தனிமனிதர் மனசுக்குள் என்ன நினைத்தால் என்ன, யாருக்கு நஷ்டம் என்று இதை விட்டுவிடவும் முடியாது. நஷ்டம் அந்த உயிர்களுக்கு. தீபாவளியையொட்டி மாந்திரீகத்துக்காக ஆந்தைகள் பிடித்து விற்கப்படுவதை வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்பின் 2010 அறிக்கை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ராத்திரியில் சீழ்க்கைபோலக் குரல் கொடுக்கும் தேவாங்கையும் மருந்துக்கும் மாந்திரீகத்துக்கும் வேட்டையாடியிருக்கிறோம். 2022-இல் கடவூரில் அதற்கென்று சரணாலயம் அறிவிக்கவேண்டி வந்தது. எலித்தொல்லைக்காக நெல்வயலில் டி வடிவக் குச்சி நட்டு "வந்து உட்காரப்பா" என்று ஆந்தையை அழைக்கிற அதே விவசாயி, அது வீட்டுக் கூரைக்கு வந்தால் விரட்டுகிறார். இந்த விஷயத்தில் நற்றிணை 83-ஆம் பாட்டின் தோழிக்கு நம்மைவிடத் தெளிவு இருந்திருக்கிறது. ஊர்த் துறைக்குப் பக்கத்தில் சாமி இருக்கிற பழைய மரத்தில் ஒரு கூகை. அது குழறினால் தூங்குகிறவர்கள் விழித்துக்கொள்வார்கள், தலைவியைப் பார்க்க ராத்திரியில் வருகிற காதலன் அகப்பட்டுக்கொள்வான். கூகை ஏதோ சொல்லவருகிறதா என்ற யோசனையே அவளுக்கு இல்லை. பேசுவதெல்லாம் அவள்தான்: கத்தாமல் இரு, நெய்யும் கறியும் சேர்ந்த சோறு போடுகிறேன், கூடவே சுட்ட வெள்ளெலியும் தருகிறேன் என்று பேரம் பேசுகிறாள்.